முன் அறிமுகம் இல்லை

மனித குலத்துக்குத் தொண்டு செய்யத் துடிக்கும் உள்ளங்கள் உலகத்தின் எந்த மூலையிலும் பிறக்கலாம். ஆனால் அவை பணி ஓய்வு பெற்று, பென்ஷன் ஒழுங்காக வர ஆரம்பித்து, ரத்த அழுத்தமும் ஒரு நிலைக்கு வந்து, 'இனி யாருக்கு நல்லது செய்யலாம்' என்று நாலாபுறமும் பார்க்கத் தொடங்கும் இடம் சென்னையில் அபிராமபுரம் ஒன்றுதான். மயிலாப்பூர்க்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குப் பொறாமை.

அந்த உள்ளங்களில் தலையாயது 'ஸ்ரீநிகேதன்' அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசித்தது. அதற்குச் சொந்தக்காரர் ராமானுஜம். வயது அறுபத்து மூன்று. ஓர் அரசு அலுவலகத்தில், பொதுமக்களின் மனுக்களுக்குப் பதில் எழுதும் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர். தற்சமயம் ஸ்ரீநிகேதன் குடியிருப்போர் சங்கத்தின் கௌரவச் செயலாளர். லிஃப்ட் வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் அறிவிப்பு அவர் எழுதியதுதான்: 'வீட்டுப் பணியாளர்களும் பொருள் கொண்டுவருவோரும் லிஃப்டைப் பயன்படுத்தலாகாது. படியேறுதல் தேக ஆரோக்கியத்துக்கு உகந்தது.' கடைசி வாக்கியத்தில் தெரியும் கருணையைக் கவனிக்க வேண்டும்.

இத்தனை இருந்தும் அவருக்கு மனசில் ஒரு குறை. மூன்றாம் மாடி சாய்நாத் போன வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தின் சார்பில் கம்போடியாவுக்குப் போய் மூன்று மாதம் சேவை செய்துவிட்டு வந்திருந்தார். அன்றிலிருந்து சங்கக் கூட்டத்தில் எதைப் பேசினாலும் "நான் கம்போடியால இருந்தப்போ" என்றுதான் ஆரம்பிப்பார். தண்ணீர்த் தொட்டி கழுவுவதா, கம்போடியா. காவலாளிக்குத் தீபாவளி வேட்டியா, அதற்கும் கம்போடியா. உடனே கூட்டம் மொத்தமும் வாயை மூடிக்கொண்டு கேட்கும். செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ராமானுஜத்துக்கு அது வலித்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வலித்தது. ஓய்வு பெற்ற மூன்று வருஷத்தில் ஒரு ஜீவன்கூட அவரிடம் கையெழுத்துக்கு வந்து நின்றதில்லை. காலையில் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொள்வதும், ராத்திரி அதை அப்படியே எடுத்து மேஜையில் வைப்பதுமாக நாள் போய்க்கொண்டிருந்தது.

அந்த நிலையில்தான் 'எல்லையில்லாக் கரங்கள்' என்னும் சர்வதேச அமைப்பின் அறிவிப்பு அவர் கண்ணில் பட்டது. மலாவி நாட்டில் ஏரிக்கரை மீனவ கிராமம் ஒன்றில் மக்களோடு மக்களாக மூன்று மாதம் தங்கி, அரசாங்கத்துக்கு மனு எழுத அவர்களுக்குக் கற்றுத்தரத் தொண்டர் தேவை. முப்பத்து நான்கு வருஷம் மனுக்களைத் திருப்பி அனுப்பியவரைவிட அந்தக் கலையின் நெளிவு சுளிவு தெரிந்தவர் யார்? வயது வரம்பு அறுபத்து மூன்று. அடுத்த வருஷம் என்றால் முடியாது. இதுதான் கடைசி வண்டி.

விண்ணப்பம் இருபத்தேழு பக்கம். ராமானுஜம் அதைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, ஒரு வாரம் குடும்பத்தைக் கூடத்தில் சாப்பிட வைத்தார். 'உங்களிடமிருந்து பெரிதும் மாறுபட்ட மக்களோடு பழகிய அனுபவம் உண்டா?' என்ற கேள்விக்கு 'ஏராளம்' என்று எழுதினார். மேல் வீடு ஐயர், எதிர் வீடு தெலுங்கு, இவர் ஐயங்கார்.

பகுதி ஏழில் வந்துதான் பேனா நின்றது. தலைப்பு, 'உள்ளூர்த் தங்கல்'. விண்ணப்பதாரர் தம் சொந்த ஊரிலேயே, வேறு தொழிலும் வேறு உணவுப் பழக்கமும் உள்ள எளிய குடும்பம் ஒன்றில் மூன்று நாள் தங்க வேண்டும். அந்தக் குடும்பத்தோடு அவருக்கு முன் அறிமுகம் இருக்கக் கூடாது. வீட்டுக்காரர் கையெழுத்திட வேண்டும். அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் விசாரிப்பார்கள்.

"இதென்ன பிரமாதம்?" என்று கிளம்பினார் ராமானுஜம்.

தெற்கு மாட வீதியில் பூ விற்கும் தேவானையிடம் முதலில் கேட்டார். மூன்று நாள் உங்கள் வீட்டில் தங்கலாமா என்று அவர் முடிப்பதற்குள், அவள் கையிலிருந்த கதம்பத்தை வைத்துவிட்டு, "வூட்ல சண்டையா சார்? போய் அவங்க கைல பூவ குடுங்க, எல்லாம் சரியாப் பூடும்" என்று இரண்டு முழம் அளந்து கொடுத்தாள். ஆட்டோ ஓட்டும் மெஹபூப் அலி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தாராளமா வாங்க சார். ஆனா ஒண்ணு. நீங்க யாருனு எங்க வூட்ல சொல்றது?"

இருபத்தேழு பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. சிக்கல் அப்போதுதான் ராமானுஜத்துக்குப் புரிந்தது. தெரிந்தவர் வீட்டில் தங்கக் கூடாது. தெரியாதவர் வீட்டுக்குள் விடமாட்டார். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"நம்ம அங்கா இருக்காளே, அவ ஆத்துல தங்கிக்கோங்கோளேன்" என்றாள் மனைவி ஜானு.

"அசடு மாதிரி பேசாதே. அவ நம்மாத்துல பதினோரு வருஷமா வேலை செய்யறா. அவளை நமக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"தெரியும்னா... தெரியும்."

"அவ முழுப் பேர் என்ன, சொல்லுங்கோ பாப்போம்."

ராமானுஜம் விட்டத்தைப் பார்த்தார். "அங்கயற்கண்ணியா இருக்கும்" என்றார்.

வேறு வழியில்லை. அங்காவை வைத்துத்தான் ஆக வேண்டும். அறிமுகத்தைப் பிறகு எப்படியாவது மறைத்துக்கொள்ளலாம். சமையலறைப் பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளை ராமானுஜம் ஒரு புதுக் குரலில் கூப்பிட்டார்.

"அங்கா, நீங்க கொஞ்சம் இப்படி வாங்கோ."

அவள் கையிலிருந்த நார் கீழே விழுந்தது. "இன்னா சார், நீங்கன்றீங்க? நான் இன்னா தப்பு பண்ட்டேன்? வேலைய வுட்டு நிறுத்தறதுனா நேராச் சொல்லிடுங்க சார்."

மரியாதையினால் ஏற்பட்ட அந்தப் பீதியைத் தணிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு விஷயத்தைச் சொன்னார். அவள் நம்பாமல் ஜானுவைப் பார்த்தாள். ஜானு தலையாட்டினாள்.

"எங்க வூட்ல ஏசி கெடையாது சார்."

"அதுதான் வேணும்."

"கொயாயில தண்ணி வராது. மோட்டாரு ரிப்பேரு."

"ரொம்ப நல்லது."

"அப்ப வாங்க சார்" என்றாள் அவள். விருந்தாளியை வேண்டாமென்று சொல்லும் வழக்கம் அவள் குடும்பத்தில் இல்லை.

"ஒரே ஒரு விஷயம். ஃபோன்ல கேட்டா, என்னை முன்னாடி தெரியாதுன்னு சொல்லிடு."

"பொய்யா சார்?" அவள் பின்வாங்கினாள். "கங்கையம்மா சத்தியமா அது மட்டும் நம்மால ஆவாது. கேட்டா உள்ளதச் சொல்லிடுவேன். அப்பால நீங்க கோச்சிக்கக் கூடாது."

மலாவி அந்த ஈரக் கையில் இருந்தது. விண்ணப்பத்தில் எழுதுவதற்காக அவள் முழுப் பெயரைக் கேட்டார். அங்காளம்மாள் என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை புறப்பாடு. கொசுவலை, தண்ணீர் சுத்திகரிக்கும் மாத்திரை, தாடையில் கட்டும் நாடா வைத்த தொப்பி, டார்ச், உப்புச் சர்க்கரைப் பொட்டலம், ஃபிளாஸ்கில் டிகாக்‌ஷன், எதற்கும் இருக்கட்டும் என்று பாஸ்போர்ட். முதுகுப் பையைப் பார்த்துவிட்டு டாக்ஸி ஓட்டுநர், "ஏர்போர்ட்டா சார்?" என்றார். அபிராமபுரத்திலிருந்து அங்காளம்மாள் வீடு இரண்டரை கிலோமீட்டர்.

கடலோரத்தில், வாரியக் குடியிருப்பில், நாலாவது மாடி. அங்கே லிஃப்ட் இல்லை. ஆகையால் அதில் யார் போகக் கூடாது என்ற அறிவிப்பும் இல்லை. ராமானுஜம் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, தேக ஆரோக்கியம் அடைந்தார்.

வாசலில் அங்காளம்மாளின் கணவர் அங்கமுத்து நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டு வந்து, குளித்து, தலை வாரி, சட்டை போட்டிருந்தார். அந்தச் சட்டை ராமானுஜம் கழித்துப் போட்ட ஆபீஸ் சட்டை. அந்தச் சட்டையோடு மட்டும் அவருக்கு முன் அறிமுகம் இருந்தது.

"உன் பையன் எங்கே?" என்று ராமானுஜம் அங்காளம்மாளிடம் அன்பாக விசாரித்தார்.

"பையன் இல்ல சார், பொண்ணு. மேகலா. நர்சிங்கு கடைசி வருஷம்" என்றாள் அங்காளம்மாள். மேகலா உள்ளேயிருந்து வந்து வணக்கம் சொன்னாள்.

காப்பி வந்தது. பளபளவென்று புத்தம்புதுத் தம்ளர். "உங்களுக்குன்னே வாங்கினது சார். யாரும் வாய் வைக்கல. தனியா ஜன்னல் மேலயே வச்சிடறேன்" என்றாள் அங்காளம்மாள். அவள் தம்ளரும் ராமானுஜம் வீட்டில் தனியாகத்தான், வாஷிங் மெஷின் மேலிருக்கும் ஜன்னலில் கவிழ்ந்திருக்கும். முறை தெரிந்த பெண் என்று ராமானுஜம் மெச்சிக்கொண்டார்.

மூன்று நாளும் அந்த வீட்டில் மீன் சமைக்கவில்லை. கருவாட்டு டப்பா பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தது. மீன் பிடித்துக்கொண்டு வரும் அங்கமுத்து, சாம்பார் சாதத்தை வெறித்துப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, அந்த டப்பாவைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தார். ராமானுஜம் நாட்குறிப்பில் எழுதினார்: 'உள்ளூர் உணவுக்கு எவ்விதச் சிரமமும் இன்றிப் பழகிவிட்டேன்.'

விடிகாலை ஐந்து மணிக்குக் கீழே அடிபம்பிலிருந்து அம்மாவும் பெண்ணும் குடம் குடமாக நாலு மாடி தூக்கினார்கள். அதில் இரண்டு குடம் விருந்தாளியின் குளியலுக்கு. அவர் அதற்கும் ஒரு பக்கம் எழுதினார். தலைப்பு, 'நீர் மேலாண்மை'. ஏழு மணிக்கு அங்காளம்மாள் விருந்தாளியை வீட்டில் விட்டுவிட்டு, விருந்தாளியின் வீட்டுப் பாத்திரம் தேய்க்கப் போனாள். எட்டு மணிக்கு ஜானுவின் போன் வந்தது.

"ஏன்னா, இன்னிக்கு அவ பத்து நிமிஷம் லேட். நீங்க அங்கதானே இருக்கேள், கொஞ்சம் சீக்கிரம் கிளப்பி விடக்கூடாதோ?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கமுத்து ஒரு பாலிதீன் உறையைப் பிரித்து ஒரு காகிதத்தை நீட்டினார். தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்யக் கேட்டு இரண்டு வருஷத்துக்கு முன் குடியிருப்பே சேர்ந்து கொடுத்த மனு. அதற்கு வந்த பதில்.

ராமானுஜம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது. "'தங்கள் கோரிக்கை உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டு, நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, மேல்நடவடிக்கை தற்போது அவசியமற்றது எனக் கருதப்படுகிறது.' ஆகா. இது என் வாசகம்யா. நான் போட்ட மாதிரி வரைவு. இன்னும் இதைத்தான் அனுப்பிண்டிருக்கா." தன்னை உலகம் மறந்துவிடவில்லை என்று மூன்று வருஷம் கழித்து அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"நல்லா கீது சார், படிக்க" என்றார் அங்கமுத்து. "தண்ணிதான் வரல."

"இதுக்கு மேல மனு எப்படிப் போடணும்னு ஒரு வழி இருக்கு. எந்தப் பிரிவுக்குப் போட்டா அவங்களால இந்தப் பதிலை எழுத முடியாதுன்னு எனக்குத் தெரியும்."

"அப்ப நமக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன் சார். அவ்ளோ தூரம் போய் மீன்காரங்களுக்குச் சொல்லித் தரப் போறீங்களாமே."

ராமானுஜத்தின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பேனாவைத் தொட்டும்விட்டது. அப்புறம் விதி நினைவுக்கு வந்தது. பகுதி ஏழு, பிரிவு நான்கு: தங்கல் காலத்தில் விண்ணப்பதாரர் அக்குடும்பத்தின் விவகாரங்களில் எந்தத் தலையீடும் செய்யலாகாது.

"ரூல் இடம் கொடுக்கலையே" என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். அங்கமுத்து சரி என்று காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறைக்குள் வைத்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணைப் போன் வந்தது. அப்போது அங்காளம்மாள் ராமானுஜம் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். கையெல்லாம் சோப்பு. ஆகையால் ராமானுஜமே ஸ்பீக்கரை அழுத்திப் போனை மேடைமேல் வைத்தார்.

"வணக்கம்மா. நான் சிம்ரா, எல்லையில்லாக் கரங்கள்லேருந்து. ராமானுஜம்னு ஒருத்தர் உங்க வீட்ல தங்கினாரா?"

"ஆமா மேடம். மூணு நாளு. ஒரு தொந்தரவும் பண்ணல."

"அவரை முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மேடம். பதினோரு வருஷமா அவரு வூட்லதான் வேலை செய்றேன். இப்பக்கூட அவரு வூட்டு ஏனந்தான் தேச்சிகினு கீறேன்."

ராமானுஜம் ஃபிரிஜ்ஜைப் பிடித்துக்கொண்டார். மலாவி ஏரி கண்ணெதிரே வற்றியது.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "அப்படின்னா துணைக் கேள்விகள் இருக்கும்மா. அறிமுகம் எவ்வளவுன்னு பாக்கறதுக்கு. உங்க முழுப் பேர் அவருக்குத் தெரியுமா?"

"இல்ல மேடம். அங்கானுதான் கூப்டுவாங்க. இந்த ஃபாரம் எழுதசொல்லோதான் கேட்டாரு."

"உங்க வீடு எங்கேன்னு?"

"இல்ல. டாக்ஸிக்காரருக்கு நாந்தான் போன்ல வழி சொன்னேன்."

"உங்க குழந்தைங்களைப் பத்தி?"

"பையன்னு நெனச்சிகினு இருந்தாரு. எனக்குப் பொண்ணு."

ராமானுஜம் ஃபிரிஜ்ஜிலிருந்து கையை எடுத்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது.

"உங்க வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்காரா?"

"இல்ல மேடம். பொண்ணு மஞ்சத்தண்ணிக்குப் பத்திரிகை வச்சேன். அன்னிக்கு அவங்களுக்குச் சங்கத்துல மீட்டிங்கு."

"சேர்ந்து சாப்பிட்டது?"

"இல்ல."

"அவர் வீட்ல நீங்க நாற்காலில உக்காந்தது?"

"இல்ல மேடம். கால் வலிச்சா மாடிப்படில உக்காந்துப்பேன்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லாதப்போ வந்து பார்த்தது?"

"இல்ல. எப்ப வருவேன்னு போன் வரும்."

அவள் குரலில் குறையில்லை, கோபமில்லை. ரேஷன் கடையில் குடும்ப விவரம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு 'இல்ல'வுக்கும் ராமானுஜத்தின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. ஏழாவதில் கட்டை விரலை உயர்த்தி அவளுக்கு உற்சாகமூட்டினார். கூடத்தில் ஜானு டி.வி.யை அணைத்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள். பத்துக் கேள்விகளும் முடிந்தன.

"ஏன்னா" என்றாள் ஜானு, மெல்லிய குரலில். "நமக்கு நிஜமாவே இவளைத் தெரியாதா?"

"ஷ்ஷ். வாயைத் திறக்காதே. மெயில் வரட்டும்."

மெயில் வியாழக்கிழமை வந்தது. 'முன் அறிமுகம்: இல்லை. பத்துக்குப் பத்து. பதினோரு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் அன்றாடம் சந்தித்தும் இத்தகைய அறிமுகமின்மையை இம்மியும் குறையாமல் காத்துவந்த விண்ணப்பதாரரை எமது அமைப்பு இதுவரை கண்டதில்லை. தங்களைத் தேர்வு செய்வதில் பெருமைப்படுகிறோம்.' ராமானுஜம் அதை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை லிஃப்ட் அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மொட்டை மாடியில் பாராட்டு விழா. சாய்நாத்தே பொன்னாடை போர்த்தினார். "நான் கம்போடியால இருந்தப்போ" என்று ஆரம்பித்தவரை, "மலாவி ஏரி கொஞ்சம் ஆழம் ஜாஸ்தி" என்று ராமானுஜம் இடைமறித்தார். கூட்டம் மொத்தமும் இவர் பக்கம் திரும்பியது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் இத்தனை பாடும் பட்டது, பட்டது வீண்போகவில்லை.

பஜ்ஜித் தட்டுகளை அங்காளம்மாள் கீழேயிருந்து நாலு தடவையாகப் படியேறிக் கொண்டுவந்தாள். அவளை லிஃப்டில் வரச் சொல்லலாமே என்று ஜானு கேட்டாள். ராமானுஜத்துக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் அறிவிப்பை எடுக்கத் தீர்மானம் வேண்டும், தீர்மானத்துக்குக் கூட்டம் வேண்டும், அடுத்த கூட்டம் அவர் மலாவியிலிருந்து திரும்பிய பிறகுதான். அங்கமுத்துவின் மனுவையும் அப்போதே பார்த்துக்கொள்வதாக இருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ராமானுஜம் பொன்னாடையோடு பக்கத்தில் போய் நின்றார். மனசு நிறைந்திருந்தது.

"எல்லாம் உன்னாலதான் அங்கா. பொய் சொல்லாம ஜெயிக்க வச்சுட்டே."

"இருக்கட்டும் சார்." அவள் தட்டுகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். "அங்க போய் நீங்க இன்னா சார் செய்யணும்?"

"மனு எழுதறது அப்புறம். மொதல்ல அந்த ஜனங்க யாரு, எப்படி வாழறா, என்ன கஷ்டம்னு நன்னாப் பழகித் தெரிஞ்சுக்கணும்."

"எவ்ளோ நாளு சார்?"

"மூணு மாசம்."

அவள் யோசித்தாள். கேலியெல்லாம் இல்லை, அவருக்காக நிஜமாகவே கவலைப்பட்டாள்.

"மூணு மாசத்துல உங்களால ஆவுமா சார்?"